புள்ளி மறையும் வயது

தமிழ் வாசிக்கிறவர்களிடம் வயது முதலில் கைவைப்பது புள்ளியில்தான். எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மெய்யெழுத்தின் தலையில் இருந்த அந்தக் குட்டிப் புள்ளி மட்டும் காணாமல் போகும். அப்புறம் கி எது, கீ எது என்ற குழப்பம் வரும். அதற்கும் பிறகுதான் எழுத்தே மங்கும். புள்ளி போனதும் வாசிப்பு நின்றுவிடாது. சொல்லுக்குப் பழகிய மூளை புள்ளியைத் தானே வைத்துக்கொண்டு ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்துக்கு வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம். ஆட்களின் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் ஊகம் பலிக்காது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கத்தில் 3-உம் 8-உம் இரட்டைப் பிள்ளைகள் போலக் கிடக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் பெரியவர்களுக்கு அந்தப் பக்கத்தை உரத்து வாசித்துச் சொல்லும் வேலை ஒரு காலத்தில் என்னுடையது. இப்போது நானே அதை யன்னலடிக்குக் கொண்டுபோய்த்தான் வாசிக்கிறேன்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். வைத்தவர் யாரோ, அனுபவப்பட்டவர். கறுப்பு மை வெளிறி, தாளின் வெள்ளைக்குள் எழுத்து கரைகிறதே, அதை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். பழைய ஆட்கள் சாளேசுரம் என்றும் சொல்வார்கள். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' அதற்குள் ஒளிந்திருக்கிறது. நாற்பதில் நாய்க்குணம் என்பார்கள். அந்த வயதில் வரும் எரிச்சலில் பாதிக்குக் குளிசை அட்டையின் பின்பக்க எழுத்துத்தான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நாற்பது என்ற கணக்கு ஒரு பக்கம் சரி, மறுபக்கம் பிழை. தொல்லை தெரிவது நாற்பதில். அது தொடங்கியது பள்ளிக்கூட வயதில். கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கும். கிட்டப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள வளையத் தசை சுருங்கும், வில்லையைப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள் தளரும், வில்லை தன் இயல்பான உருண்டைக்குத் திரும்பும். தசை இறுகினால் நார் தளருமா என்று கேட்கலாம். வளையம் சிறுத்தால் அதன் நடுவே கட்டிய கயிறுகள் தொய்யத்தானே செய்யும். ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் கொடுத்த விளக்கம் இது. அடிப்படையில் இன்றும் அதுதான் நிற்கிறது.

இந்த வில்லைக்கு ஒரு விசித்திரமான பழக்கம். தோல் பழைய கலங்களை உதிர்க்கும், குடல் உதிர்க்கும். வில்லை எதையும் வெளியே போடாது. வெங்காயம் போல வெளிப்புறத்தில் புதிய அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகும். பழையது உள்ளே அமுங்கிக் கிடக்கும். நட்டநடுவில் இருக்கும் கலங்கள் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானவை. அறுபது வயதுக்காரர், தான் பிறப்பதற்கு முந்திய புரதத்துக்கு ஊடாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார். கிரீன்லாந்துச் சுறா சில நூறு ஆண்டுகள் வாழக்கூடியது என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணித்ததுகூட, அதன் கண்வில்லையின் நடுப்பகுதியில் இருந்த கதிரியக்கக் காபனை அளந்துதான்.

அடுக்குக்கு மேல் அடுக்கு நெருங்கிய வில்லை வருடா வருடம் இறுகுகிறது. தசை பழையபடி வேலை செய்தாலும் வில்லை உருண்டு கொடுக்காது. 10 வயதுப் பிள்ளைக்கு மூக்குக்கு முன்னால் சுமார் 7 சென்டிமீற்றரில் இருக்கும் எழுத்தும் தெளிவாகத் தெரியும். 20 வயதில் அது 10 சென்டிமீற்றராகிறது, 40-இல் 20-ஐத் தாண்டுகிறது, 50-இல் 40 அளவுக்கு வருகிறது, 60-இல் ஏறத்தாழ ஒரு மீற்றர். நாம் புத்தகம் பிடிப்பது கிட்டத்தட்ட 40 சென்டிமீற்றரில். ஆகவே முப்பது வருடமாகச் சேமிப்பில் இருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், மீதி இருந்தபடியால் தெரியவில்லை, அவ்வளவுதான். 60-க்குப் பிறகு குறைவதற்கு அனேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அதனால் வாசிப்புக் கண்ணாடியின் நம்பர் +2.50 அளவில் வந்து நின்றுவிடும். "கண்ணாடி போட்டுப் போட்டுத்தான் நம்பர் ஏறுது" என்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். போட்டாலும் ஏறும், போடாமல் பிடிவாதம் பிடித்தாலும் ஏறும். கண் பயிற்சி செய்தும் வில்லையை இளக்க முடியாது. உலகம் முழுவதும் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் கணக்குச் சொன்னது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

சின்ன வயதில் இருந்தே குறும்பார்வைக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை கிடைக்கிறது. மைனஸ் 3 நம்பர்க்காரர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீற்றரில் உள்ளதெல்லாம் தானாகத் தெளிவாகும். பள்ளியில் கேலி வாங்கியவர் ஐம்பது வயதில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசிக்கு நூல் கோத்துக் கொடுக்கிறார். கேலி செய்தவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

மற்றவர்களுக்குப் புறக்கோட்டை நடைபாதை இருக்கிறது. +1.00, +1.50, +2.00 என்று அடுக்கி வைத்து விற்கும் கண்ணாடிகள். அவை கண்ணைக் கெடுக்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். கெடுக்காது. இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கும், கண்ணின் வளைவுக் கோணலைத் திருத்தும் சிலிண்டர் நம்பர் இருக்காது. பொருந்தாவிட்டால் தலையிடிக்கும், அவ்வளவுதான். நட்டம் வேறிடத்தில். மலிவாகக் கண்ணாடி கிடைத்தவுடன் கண் வைத்தியரிடம் போகும் ஒரே காரணமும் இல்லாமல் போகிறது. உள்ளே வேறு என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கண்ணாடி விடயத்தில் இன்னொன்று. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இரண்டு வில்லைகளை வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்தியதைப் பற்றி பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் ஒரு கடிதத்தில் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். கோடு தெரியாத புரோகிரசிவ் கண்ணாடி 1959-இல் பிரான்சில் வந்தது. இரண்டும் நல்ல சாமான்தான். ஆனால் அவற்றின் கீழ்ப்பகுதி 40 சென்டிமீற்றருக்கு வெட்டப்பட்டது. நம் கால் இருப்பது ஒன்றரை மீற்றருக்குக் கீழே. படி இறங்கக் குனியும்போது கண் கீழ்ப்பகுதிக்குள் விழுகிறது, படியின் விளிம்பு கரைகிறது. லிப்ட் பழுதான நாளில் ஐந்தாம் மாடியில் இருந்து இறங்கும் ஒருவருக்கு இது சின்ன விடயம் இல்லை. வயதானவர்கள் வெளியே நடக்கவும் படி ஏறி இறங்கவும் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பது நல்லது. இரண்டு கண்ணாடிக்கு எதற்குச் செலவு என்று கேட்பார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவை அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.

ஆனாலும் வயதான கண்ணின் முதல் குறை நம்பர் இல்லை, வெளிச்சம் என்பதுதான் என் எண்ணம். வீடுகளில் யாரும் இதைப் பேசுவதில்லை. கருமணி வயதோடு சிறுக்கிறது. இருட்டில் முன்போல் விரிவதும் இல்லை. வில்லை மஞ்சளாகி ஒளியை விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு வந்து சேரும் ஒளி 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். ஒரே அறை, ஒரே பல்ப். பேரன் "நல்ல வெளிச்சம்தானே அம்மம்மா" என்பான். அம்மம்மா "எனக்கு ஒண்டும் தெரியேல்லை மோனை" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். மண்டபத்தின் நடுவே கூரையில் ஒரு விளக்கு. அதற்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வாசிக்கிறவரின் தலை நிழலே பத்திரிகையில் விழும். கதிரைக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னால் இருந்து தாளில் விழும்படி ஒரு எல்.ஈ.டி. விளக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். கரண்ட் பில்லிலும் அது பெரிதாக ஏறாது. வெளிச்சம் கூடும்போது கருமணி மேலும் சுருங்குகிறது. ஊசித்துளையால் பார்ப்பது போல, சுருங்கிய கருமணி தெளிவின்மையைக் கொஞ்சம் மறைத்துவிடும். காலிமுகத்திடலில் மத்தியானம் கண்ணாடி இல்லாமலே கடைத்துண்டை வாசிக்கிறவர், இரவு மங்கல் வெளிச்ச ஹோட்டலில் உணவுப் பட்டியலோடு போராடுவது இதனால்தான். அங்கே கைபேசியின் டோர்ச்சைப் போட்டால் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். படட்டும்.

மஞ்சளான வில்லை முதலில் விழுங்குவது நீலத்தை. கடும் நீலச் சேலைக்குக் கறுப்புச் சட்டை எடுத்து வைத்துவிட்டு, பொருத்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓவியர் குளோட் மொனேக்கு 1912-இல் கண்புரை, அதாவது வில்லையே கலங்கிப்போவது, என்று சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேல் கத்திக்குப் பயந்து இழுத்தடித்தார். அந்தக் காலத்து ஓவியங்களில் சிவப்பும் மண்ணிறமும் ஏறிக் கிடக்கின்றன. 1923-இல், 82 வயதில், வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்; பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று முறைப்பாடு. இங்கேயும் அதே கதைதான். கண்புரை எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அனேகமாகச் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். "இவ்வளவு நாளும் கிறீம் கலர் எண்டெல்லோ நினைச்சன், இது வெள்ளை!" வில்லை மஞ்சளானது பத்து இருபது வருடமாக, ஒரு நாளைக்கு ஒரு துளியாக. மூளை அதற்குக் கணக்குச் சரிசெய்துகொண்டே வந்தது. அதனால் நிறம் போனது போனவருக்கே தெரியாது.

பிறகு அந்தி. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்கும். மங்கல் பொழுது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அப்புறம் இருட்டு. இளம் கண்ணே இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் எடுக்கும். வயதான கண்ணுக்கு இன்னும் பத்து நிமிடமாவது கூட வேண்டும். மங்கலில் வேலை செய்யும் கோல் கலங்கள் விழித்திரையில் வயதோடு குறைந்துகொண்டு போவதும் சேர்ந்துகொள்ளும். இதில் மழையும் பெய்து, ஈரமான காலி வீதியில் எதிர்வாகன வெளிச்சம் கண்ணில் அடித்தால், கலங்கத் தொடங்கிய வில்லை அந்த ஒளியைச் சிதறடித்து முன்னால் ஒரு வெள்ளைத் திரையே கட்டிவிடும். அந்தத் திரைக்குள் வருவது 100-ஆம் இலக்க பஸ்ஸா 101-ஆ என்று பார்ப்பது ஒரு புறம் இருக்கட்டும், சாம்பல் நிற நடைபாதை எங்கே முடிகிறது என்பதே தெரியாது.

இவ்வளவு சிரமத்தோடும் ஒருவர் பரிசோதனைக்குப் போய், சுவரில் உள்ள எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "6/6, ஒரு குறையும் இல்லை" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வரலாம். பொய் இல்லை. அந்த அட்டையை 1862-இல் டச்சுக் கண் வைத்தியர் ஸ்னெலன் உருவாக்கினார். வெள்ளை வெளேர் என்ற பின்னணியில் அச்சுக் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சத்தில். அட்டை அளப்பது அதை மட்டும்தான். சாம்பல் மேல் சாம்பலைப் பிரித்துப் பார்க்கும் திறன், கூச்சத்தைத் தாங்கும் திறன், இருட்டுக்குப் பழகும் வேகம், இவை மூன்றும் எழுத்து அட்டைக்கு முன்பே சரியத் தொடங்கும். இவற்றை அந்த அட்டை கேட்பதே இல்லை. ஆகவே வைத்தியர் கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும்: இரவில் படி தெரியவில்லை, எதிர் லைட் கூசுகிறது, சோற்றுக் கோப்பையில் சோறு எது கோப்பை எது என்று பிரியவில்லை. "மங்கலா இருக்கு டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அட்டைதான் பதில் சொல்லும்.

எங்கள் பெரியம்மாவின் கதை இதற்கு நேர்மாறு. 71 வயதில் ஒரு நாள் அவர் கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "பாருங்கோ, எனக்குக் கண் திரும்பிட்டுது!" வீடு முழுக்கச் சந்தோசம். ஒருவர் பொன்னாங்காணிக்கு நன்றி சொன்னார், ஒருவர் நல்லூருக்கு. நானும் நம்பினேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு மாதத்தில் ரீவியில் முகங்கள் தெரியவில்லை என்றார். அடுத்த வருடம் பஞ்சாங்கமும் போய்விட்டது. நடந்தது இதுதான்: வில்லையின் நடுப்பகுதி கண்புரையால் கெட்டிப்படும்போது அதன் ஒளி வளைக்கும் சக்தி கூடுகிறது. கண் குறும்பார்வைக் கண்ணாக மாறுகிறது. தூரம் மங்கும், கிட்ட உள்ளது கொஞ்ச நாளைக்குத் தெளிவாகும். வயதான காலத்தில் வாசிப்புக் கண்ணாடி திடீரென்று தேவையில்லாமல் போனால், கொண்டாட முன் கண் கிளினிக்குக்கு ஒருமுறை போய்வரவேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போதும் நம்பர் இப்படி ஆடும். அந்த நேரத்தில் கண்ணாடி செய்தால் காசு வீண்.

கண்புரை எடுப்பது பற்றி நம் வீடுகளில் ஒரு பழைய சொல் நிற்கிறது: "இன்னும் முத்தேல்லை." மாங்காயா முற்றுவதற்கு? ஒரு காலத்தில் அது நியாயமான பேச்சு. வில்லையை முழுதாக வெளியே எடுத்த காலத்தில் அது கெட்டியாக இருந்தால் எடுப்பது இலகு. எடுத்த பிறகு சோடாப் போத்தல் அடி போன்ற கண்ணாடி போட்டுக்கொண்டு திரியவேண்டும். அதனால் கடைசி வரை பொறுத்தார்கள். 1949 நவம்பர் 29-ஆம் திகதி லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைத்தார். போரில் விமானக் கண்ணாடி உடைந்து அதன் பிளாஸ்ரிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அதை வெறுக்கவில்லை என்று கவனித்திருந்தார். அதே பிளாஸ்ரிக்கில் வில்லை செய்தார். 1960-களில் அமெரிக்கக் கண் வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் பல் வைத்தியரின் கதிரையில் இருந்தபோது, பல் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்து, வில்லையை உள்ளேயே உடைத்து உறிஞ்சலாமே என்று யோசித்தார். இன்று மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டு, சொட்டு மருந்தால் மரக்கச்செய்து, அன்றைக்கே வீடு. இந்த முறைக்கு முற்றிய புரைதான் கஷ்டம். வாசிக்க, நடக்க, சமைக்கத் தடையாக இருக்கிறதா என்பதே இப்போது கேள்வி. சொட்டு மருந்து விட்டுக் கண்புரையைக் கரைக்க முடியாது; வாட்ஸ்அப்பில் வரும் தேனும் வெங்காயச் சாறும் கண்ணை எரிக்கும், புரையைத் தொடாது.

கொழும்பில் இதற்கென்றே லிப்டன் சுற்றுவட்டத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே சிவப்பும் வெளிர்நிறமுமாய்ச் செங்கல்லில் நிற்கும் பழைய கட்டிடம் கட்டிடக் கலைஞர் எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்தது. விக்டோரியா நினைவுக் கண் வைத்தியசாலையாக 1906-இல் தொடங்கியது. பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டு அரண்மனை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் காத்திருக்க வேண்டிவரும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்கு 12 பேர் அறுபதைக் கடந்தவர்கள். வரிசை குறையப் போவதில்லை.

வெள்ளெழுத்தும் கண்புரையும் வயதின் கணக்கு. "வயசுதானே" என்று சொன்னால் அங்கே பெரிய கேடு இல்லை. கண்ணாடியோ சத்திரசிகிச்சையோ பார்வையைத் திருப்பித் தரும். அதே சொல்லை வேறு சில நோய்களுக்குச் சொன்னால் கேடு, ஏனென்றால் அவற்றில் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. முதலாவது குளுக்கோமா. கண்ணின் நரம்பு கரைய, பார்வை ஓரத்தில் இருந்து போகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நடுப் பார்வை கடைசி வரை கூர்மை. போன ஓரத்தை மூளை நிரப்பிவிடும். ஒரு கண்ணில் விட்டதை மறு கண் மூடிக்காட்டும். கதவு நிலையில் தோள் இடிபடும், வீதியில் மோட்டார் சைக்கிள் திடீரென்று முளைக்கும். பெற்றோருக்கோ சகோதரருக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். நாற்பதுக்குப் பிறகு கண் அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண் கடிக்கிறது என்று பாமசியில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்ரெரோயிட் சொட்டு மருந்து இந்த நோயையும் கண்புரையையும் தானே வரவழைக்கும். குளுக்கோமாவிலேயே இன்னொரு வகை சத்தம் போட்டு வரும்: கண் சிவந்து, தலை வெடித்து, சத்தி எடுத்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துவிட்டால் விடியும்போது கண் போயிருக்கலாம்.

இரண்டாவது, விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் பொட்டு தேய்வது. ஓரம் நன்றாக இருக்கும். நேரே பார்க்கும் முகம் மட்டும் கரைந்திருக்கும். புகைப்பவர்களுக்கு ஆபத்து கூட. இதைப் பார்க்க நம் வீடுகளிலேயே ஒரு கருவி உண்டு: யன்னல் கிறில். வாசிப்புக் கண்ணாடி இல்லாமல், தூரக் கண்ணாடி இருந்தால் அதோடு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கிறிலின் நடுவைப் பாருங்கள். நேரான கம்பி நெளிந்தாலோ ஒரு சதுரம் காணாமல் போனாலோ அந்த வாரமே வைத்தியரிடம் போகவேண்டும். சில வகைகளுக்கு இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து இருக்கிறது, நாள் கடந்தால் பலன் குறையும். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது முக்கியம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நல்ல கண் கெட்டதைக் காட்டிக்கொடுக்காது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பார்வை மங்கும் வரை காத்திருக்கும் சலுகையே இல்லை. விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கசிந்து வெகு நாளுக்குப் பிறகுதான் பார்வை சொல்லும். வருடத்துக்கு ஒரு முறை கருமணியை விரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

நுளம்பு கதையும் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் ஏதோ பறக்கிறது என்று டெங்குப் பயத்தில் கையால் அடித்துப் பார்ப்போம், அங்கே ஒன்றும் இருக்காது. கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் வயதோடு நீர்த்து, அதில் மிதக்கும் இழைகளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. ஒன்றிரண்டு பழைய நுளம்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். திடீரென்று கூட்டமாக வந்தால், மின்னல் போல வெட்டினால், ஓரத்தில் திரை இறங்கினால், விழித்திரை கிழிகிறது அல்லது கழல்கிறது. அன்றைக்கே போகவேண்டும், திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்கக்கூடாது.

நான் அடிக்கடி யோசிக்கும் விடயம் ஒன்று இங்கே உண்டு. பார்வை மிகவும் குறைந்த முதியவர்கள் சிலர், மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாக, சுவரில் பூக்கோலம் ஓடுவதாகச் சொல்வார்கள். குரல் கேட்காது, வெறும் காட்சி. வீட்டார் ஒன்று பேய் என்பார்கள், அல்லது மறதி நோய் தொடங்கிவிட்டது என்பார்கள். பயந்து வாயை மூடிக்கொள்ளும் பெரியவர்களே அதிகம். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ள்ஸ் பொனே 1760-இல் தன் பாட்டனாருக்கு வந்த இதே காட்சிகளை எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இன்று இதை அழைக்கிறார்கள். கண்ணில் இருந்து செய்தி வராமல் சும்மா இருக்கும் மூளைப் பகுதி தானே படம் போடுகிறது. காண்கிறவருக்கு அது உண்மை இல்லை என்று தெரியும். "அம்மா, இது கண் செய்கிற வேலை, உங்களுக்குப் பைத்தியம் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டாலே அவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்கள். வேறு குழப்பங்களும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் கேட்கத்தான் வேண்டும்.

பொன்னாங்காணியை விட்டுவிட்டுப் போனால் பெரியம்மா கோபிப்பார். பொன்னாங்காணி தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கலாம் என்று சொல்வார்கள். கொழும்புச் சந்தையில் முகுணுவென்ன என்று சிங்களத்தில் கேட்டு வாங்குவதும் அதே கீரைதான். கீரையில் விற்றமின் ஏ-ஆக மாறும் சத்து இருக்கிறது, அது குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதும் சரி. மஞ்சள் பொட்டில் இருக்கும் நிறப்பொருளும் கீரைகளில் இருந்து வருவதுதான். ஆகவே சாப்பிடுங்கள், தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் ருசியும் கூட. இறுகிய வில்லையை அது இளக்காது.

கண்ணில் வயது குறைவாகத் தொடும் பகுதி ஒன்று உண்டு: முன்னால் கண்ணாடி போல இருக்கும் வெண்படலம். கண்ணின் மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. வயதானவர்களின் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம் ஒன்று விழுமே, அது ஓரத்தோடு நின்றுவிடும், பார்வைக்குக் குறுக்கே வராது. 80 வயதுக்காரரின் வெண்படலமும் இன்னொருவருக்கு உதவலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961-இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார்; 1964-இல் இங்கிருந்து முதல் வெண்படலங்கள் சிங்கப்பூருக்குப் போயின, பிறகு பல நாடுகளுக்கு. கண்ணாடி போட்டவர்களும் கண்புரை எடுத்தவர்களும் கொடுக்கலாம்.

பெரியம்மா இதை நம்பவில்லை. "என்ர கண்ணுக்குள்ள பிளாஸ்ரிக் எல்லோ கிடக்கு, அதை ஆர் எடுப்பினம்?" பிளாஸ்ரிக் பின்னால், அவர்கள் எடுப்பது முன்னால் என்று விளக்கினேன். படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வைத்த வில்லை தூரத்துக்கு. வாசிப்புக் கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. என்னிடம் நீட்டினார். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, அதில் ஒரு புள்ளிகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் யன்னலடிக்குப் போனோம்.